படிவம் ஏழு, பக்கம் இரண்டு

நேற்று காலை முதல்
என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பது கேள்வி.
அச்சடித்ததை அப்படியே வாசிக்க வேண்டும்,
குரலில் வியப்போ வருத்தமோ ஏறக் கூடாது
என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"எந்த நேத்து?" என்றாள் தேசம்மா.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து
காசிமேட்டு ஏலத்துக்குப் போகிறவள்.
மூன்றரைக்கு ஒரு டீ, அதில் முக்கிய பன்.
அது முந்தாநாளின் கடைசி உணவா
நேற்றின் முதல் உணவா?
படிவத்தில் ஆறு மணிக்குத்தான் விடிகிறது.
பன்னை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

பையில் எல்லா அளவும் இருந்தன:
கிண்ணம் இரண்டு, கரண்டி மூன்று,
ஐம்பது கிராம் பிளாஸ்டிக் இட்லி ஒன்று.
குழம்பு எத்தனை கரண்டி?
"கரண்டில எங்க ஊத்துனேன்?
சட்டியிலயே சோத்தப் போட்டுப்
பெரட்டித் துன்னேன் கண்ணு."
சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.
வழித்த சட்டிக்குக் குறியீடு இல்லை.

என்ன மீன்?
"வித்தது வஞ்சரம். துன்னது காரப்பொடி.
நாலு. மூணா... நாலுதான், ஒண்ணு பூனைக்கு."
டேப்லெட் காரப்பொடியை அறியாது.
சிறுமீன், இதர என்றது.
அவளையும் அது தேசம்மா என்று அறியாது,
தொ-417.

காலைப் பார்க்கச் சொல்லி எந்தப் பக்கத்திலும் இல்லை.
பார்த்துவிட்டேன்.
ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த பெருவிரல்,
அதன் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புண்.
"எப்போலேர்ந்து?"
"வலிக்கலம்மா. அதான் தெர்ல."

விதி பதினொன்று:
களப்பணியாளர் ஆலோசனை சொல்லலாகாது.
சொன்னால் சாப்பாடு மாறும்,
சாப்பாடு மாறினால் கணக்கு கெடும்.

நான் கணக்கைக் கெடுத்தேன்.
ஸ்டான்லியில் கால் பார்க்கும் அறை எது,
எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு,
வெறுங்காலோடு ஏன் நிற்கக் கூடாது
எல்லாம் சொன்னேன்.
"ஞாயித்துக்கெழம மட்டும் ஆவாது" என்றாள்,
"அன்னிக்குதான் ஏவாரம்."

அடுத்த ஆண்டு கடிதம் கொண்டு போனேன்.
பத்து ஆண்டுக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு
நூற்றுக்கு முப்பத்தொன்று.
வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள்.
"நூறு பேருக்கு எங்க தெருவே போதும்."
விரல் விடத் தொடங்கினாள்.
முனை வீட்டு ஜெகஜோதி, காதர்பீ, மதலமேரியின் புருஷன்.
"ஏசுபாதம் செத்துட்டான், அவன் உண்டா?"
இல்லை என்றேன்.
ஒன்பதில் நிறுத்திக்கொண்டாள்.
"பத்தாவது ஆளு பேர சொல்ல மாட்டேன்,
நல்லா இருக்கட்டும்."

அப்படி எண்ணக் கூடாது என்று
மூன்று விதமாக விளக்கினேன்.
எனக்கே மூன்றாவதுதான் புரிந்தது.
அவள் கூரையைப் பார்த்தாள்,
தகரத்தின் மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.
"மழ வர்றதுக்கு முப்பது பர்சண்ட்னு
டிவில சொல்றானே, அந்த மாரியா?"
"அந்த மாதிரிதான்."
"அப்போ கருவாட்ட உள்ள எடுத்து வெச்சிக்கணும்."

மூன்றாம் சுற்று.
பன் இல்லை. டீயில் சர்க்கரை இல்லை.
ஏலக் கடையோரம் ஒரு கை சுண்டல்.
காலில் ஒரு நம்பர் பெரிய ரப்பர் செருப்பு.
ரேஷன் அரிசி அதே ரேஷன் அரிசி.
மாற்றத்துக்குக் காரணம் என்று
ஒரு கட்டம் உண்டு,
காலியாக விட்டேன்.

எழுதிக்கொண்டிருந்தபோது
பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று
என் பையிலிருந்து இட்லியை எடுத்துக்
கடித்துவிட்டது. உடனே துப்பியது,
என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.
தேசம்மா சிரித்த சிரிப்பில்
இருமல் வந்துவிட்டது அவளுக்கு.

சாயங்காலம் ஆபீசில் இருப்புப் பதிவேடு:
கிண்ணம் இரண்டு, சரி. கரண்டி மூன்று, சரி.
இட்லி ஒன்று,
நான்கு பல் தடம்,
தொடர்ந்து பயன்படுத்தலாம்.